பிரஷர் ஏறினால் உடனே இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பத்து வருடமாகப் பிரஷர் இருக்கிறது. கிளினிக் குளிசை முடிந்து ஒரு கிழமை போடவில்லை. வீட்டு மெஷினில் பார்த்தால் 200/110. ஆளுக்கு ஒரு குணங்குறியும் இல்லை. பயத்தில் அயலவர் தந்த நிபெடிபின் குளிசையை நாக்குக்குக் கீழே வைத்தோம். ஒரு மணித்தியாலத்தில் 110/70க்கு வந்தது. ஆனால் தலை சுற்றி, பேச்சும் குழறிப் படுத்துவிட்டார். 110/70 நல்ல பிரஷர்தானே?
(வாசகி, உப்புவெளி)

பதில்: உங்களுக்கு நல்ல பிரஷர். அப்பாவின் மூளைக்கு அன்று அது போதவில்லை.

மூளை உடல் எடையில் 2 வீதம்தான். இதயம் அனுப்பும் இரத்தத்திலோ ஏறத்தாழ 15 வீதம் அதற்குப் போகிறது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலீற்றர். கையிருப்பு என்று எதுவும் இல்லை. இரத்தம் முற்றாக நின்றால் பத்துச் செக்கனுக்குள் நினைவு தப்பும். அதனால் பிரஷர் கூடினாலும் குறைந்தாலும் இந்த அளவு மாறாதபடி மூளையின் சிறு நாடிகள் தாமே தம் விட்டத்தை மாற்றிக்கொள்கின்றன. பிரஷர் ஏறி நாடிச் சுவர் இழுபட்டால் அதிலுள்ள தசை சுருங்கும், இறங்கினால் தளரும். இந்தத் தசை இயல்பை 1902இலேயே பேலிஸ் என்பவர் விவரித்திருக்கிறார்.

இதற்கு எல்லை உண்டு. கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் சராசரிப் பிரஷர் வரும். 120/80க்கு அது 93. சுகதேகி ஒருவருக்கு 60 முதல் 150 வரை நாடிகள் சமாளிக்கும் என்பது பாடநூல் கணக்கு. ஆளுக்காள் இது மாறும், பலருக்கு இதைவிடக் குறுகலாகவும் இருக்கும். வருடக்கணக்காகப் பிரஷர் உள்ளவருக்கு நாடிச் சுவர் தடித்து, இந்த எல்லை முழுதுமே மேலே நகர்ந்துவிடுகிறது. கீழெல்லை 100ஐயும் தாண்டலாம். அப்பாவின் சராசரி 140இலிருந்து 83க்கு ஒரேயடியாக விழுந்தது. நாடிகள் விரியக்கூடிய மட்டும் விரிந்து முடிந்த பிறகு, பிரஷர் இறங்க இறங்க மூளைக்குப் போகும் இரத்தமும் இறங்கும்.

குணங்குறி இல்லாத 200/110ஐ நாட்களில், கிழமைகளில்தான் இறக்க வேண்டும். விட்ட குளிசையை வைத்தியரிடம் காட்டி மீளத் தொடங்குவதே சரி. கடும் தலையிடி, பார்வை மங்கல், நெஞ்சுநோ, மூச்சுமுட்டு, குழப்பம் இருந்தால் கதை வேறு: உடனே வைத்தியசாலை. பெரும்பாலும் அங்கேயும் முதல் மணித்தியாலத்தில் 25 வீதத்துக்கு மேல் இறக்கமாட்டார்கள். பேச்சுக் குழறியது இப்போது சரியாகியிருந்தாலும் அப்பாவைக் கட்டாயம் காட்டுங்கள். அந்த அயலவரின் குளிசையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கன்னியாவில் சுடுநீரில் குளித்துவிட்டுக் குனிந்து உடுப்புப் பிழிந்து நிமிர்ந்ததும் கண் இருண்டது. ஏன்?
(வாசகர், உவர்மலை)

பதில்: சூட்டில் தோலின் இரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். நிமிரும்போது இரத்தம் காலுக்கு இறங்கி, பிரஷர் ஓரிரு செக்கனில் விழும். மூளை நாடிகள் விரிந்து ஈடுகட்டச் சில செக்கன்கள் பிந்தும்; அந்த இடைவெளிதான் இருட்டு. குளித்ததும் இரண்டு மூன்று நிமிடம் இருந்து, கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்தி, பிறகு எழும்புங்கள். அடிக்கடி வந்தால், ஐந்து நிமிடம் படுத்திருந்து பிரஷர் பார்த்து, எழும்பி 1ஆம், 3ஆம் நிமிடங்களில் மீண்டும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். பிரசோசின் என்ற பிரஷர் குளிசை, சிறுநீர் போக்கும் குளிசை எடுப்பவர்களுக்கு இது சகஜம்.

கேள்வி: தம்பி சங்கு குளிக்கப் போகிறவன். முங்குமுன் இருபது, முப்பது முறை வேகமாக மூச்சு வாங்குவான். கூடுதல் நேரம் நிற்கலாமாம். சரியா?
(வாசகர், கிண்ணியா)

பதில்: நிற்கலாம்தான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. சாதாரண மூச்சிலேயே இரத்தம் 97, 98 வீதம் ஒட்சிசன் ஏற்றியிருக்கும். வேக மூச்சால் அது பெரிதாகக் கூடிவிடாது. வெளியேறுவது காபனீரொட்சைட்டு. மூச்செடுக்கத் தூண்டுவது அது, மூளை நாடிகளை விரித்து வைப்பதும் அது. இரத்தத்தில் அதன் அழுத்தம் 40இலிருந்து ஒவ்வொரு அலகு குறையவும் மூளைக்கான இரத்தம் சுமார் 3 வீதம் குறையும். 20க்கு இறங்கினால் பாதியளவுதான் மிஞ்சும். வேக மூச்சில் விரல் விறைப்பதும் தலை லேசாவதும் காபனீரொட்சைட்டு குறைவதால்தான்.

காபனீரொட்சைட்டு குறைந்திருப்பதால், ஒட்சிசன் தீர்ந்துகொண்டிருந்தாலும் மூச்செடுக்கும் உந்தல் பிந்தும். ஆழத்தில் நீரின் அழுத்தம் ஒட்சிசனைத் தாங்கிப் பிடிக்கும். மேலே வரும்போது அந்தத் தாங்கல் போய், கடைசிச் சில மீற்றரில் முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பும். வேக மூச்சை முற்றாக விடச் சொல்லுங்கள். முங்கிய நேரத்தின் இரு மடங்காவது மேலே ஆறட்டும். ஒருவர் கீழே இருந்தால் மற்றவர் மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்குப் பாரிசவாதம். பிரஷர் 190 இருந்தும் வைத்தியசாலையில் முதல் நாள் குளிசை கொடுக்கவில்லை. கவனயீனமா?
(வாசகி, மூதூர்)

பதில்: அப்படித் தெரியவில்லை. நாடி அடைபட்டால், 100 கிராமுக்கு 10 மில்லிலீற்றருக்கும் குறைவாக இரத்தம் பெறும் நடுப்பகுதி விரைவில் இறந்துபோகும். சுற்றியுள்ள பகுதி 20க்குக் கீழே போய் வேலையை நிறுத்தியிருந்தாலும் உயிரோடு இருக்கும். அங்கே நாடிகளின் தானியங்கு ஒழுங்கு செயலற்றுவிடுவதால், உடம்பின் பிரஷர்தான் அதற்கு இரத்தம் தள்ளுகிறது. அதனால் நாடியை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடாதவர்களில் 220/120 வரை பொதுவாக விட்டுவைப்பார்கள். ஊசி போடுவதென்றால் 185/110க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இரத்தக்கசிவு என்றால் இன்னும் இறக்குவார்கள். எது என்று ஸ்கான்தான் சொல்லும். ஆகவே வீட்டில் பிரஷர் குளிசையோ அஸ்பிரினோ கொடுக்காமல், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். அந்த ஊசிக்கான வழமையான அவகாசம் அந்த நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலம்.