முதல் மரக்கடைசல் லேத்: எதைப் பார்த்து வாங்குவது?

பேனா, பம்பரம், பின்னர் 6 அங்குலக் கிண்ணம் ஆகியவற்றைக் கடைய 24 வோல்ட் சிறு லேத் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். பேனாவை அது ஒருவாறு சமாளிக்கும். கிண்ணக் கட்டையில் உளி சற்று அழுந்தினாலே திணறி நின்றுவிடும். 10 அங்குல விட்டம் வரை கடையக்கூடிய, அரைக் குதிரைத்திறன் மோட்டாரும் வார்ப்பிரும்பு உடலும் கொண்ட லேத்தையே பரிந்துரைக்கிறேன். எடை கூடினால் அதிர்வு குறையும் என்பதால், எளிதில் தூக்கிச் செல்லலாம் என்னும் விளம்பரத்தை நான் குறையாகவே கருதுவேன். விலைக்கு முன், கட்டையைச் சுழற்றும் சுழல்தண்டைப் பாருங்கள்: அதன் திருகு மரை 1 அங்குல விட்டம், 8 டிபிஐ (அங்குலத்துக்கு 8 மரை) அளவிலும், துணைக்கருவியைச் செருகும் உட்கூம்பு 2ஆம் எண் மோர்ஸ் டேப்பராகவும் (கூம்புத் துளைக்கான பொது அளவுகளில் ஒன்று) இருந்தால், கட்டையைக் கவ்வும் சக்கும், பேனாக் கட்டையைக் கோத்துப் பிடிக்கும் தண்டான மாண்ட்ரலும் எளிதாகப் பொருந்தும், வழக்கத்தில் இல்லாத மரை என்றால் ஒவ்வொரு துணைக்கருவிக்கும் அலைய நேரும். உளி, சாணை, முகக்கவசம் ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். பழகுவதற்கு வெட்பாலைக் கட்டை ஏற்றது. கர்நாடகத்தின் சன்னபட்ணா பொம்மைகளைக் கடைவதும் பெரும்பாலும் அம்மரத்தில்தான்.