ஐஸ் தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறதே!

கேள்வி: குளிர்ந்த நீர் குடித்தால் இடதுபக்க மேல்பற்கள் சுரீரென்று கூசுகின்றன. சில நொடிகளில் சரியாகிவிடுகிறது. பல் கூச்சத்துக்கான பேஸ்ட் வாங்கி, ஒரு வாரமாக நன்றாக அழுத்தித் தேய்க்கிறேன். பலன் இல்லை. வேறு பேஸ்ட் மாற்றலாமா?

பதில்: பேஸ்ட்டை மாற்ற வேண்டாம். அழுத்தித் தேய்ப்பதை முதலில் நிறுத்துங்கள்.

நீங்கள் வலதுகைக்காரர்தானே? பிரஷின் வேகம் பெரும்பாலும் இடதுபக்கக் கோரைப்பல், அதை அடுத்த பற்கள் மீதுதான் இறங்கும். நல்ல வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஈறு மேலேறி, அதன் ஓரத்தில் பல் சற்று மஞ்சளாகத் தெரிகிறதா? நகத்தால் மெல்ல வருடினால் சிறு பள்ளம் தட்டுப்படுகிறதா? அங்கே எனாமல் இல்லை, உள்ளடுக்கான டென்டின் வெளியே தெரிகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஏராளம். குளிர்ச்சி பட்டதும் அவற்றிலுள்ள திரவம் நகர்ந்து, உள்ளே இருக்கும் நரம்பைச் சீண்டுகிறது. அதுதான் அந்தச் 'சுரீர்'.

இந்த பேஸ்ட்டுகளில் உள்ள பொட்டாசியம் நைட்ரேட் நரம்பின் துடிப்பைத் தணிக்கும். ஸ்டானஸ் ஃபுளோரைடு குழாய்களின் வாயை அடைக்கும். இரண்டுமே மெதுவாகத்தான் வேலை செய்யும். தினம் 2 வேளை தேய்த்தால் 2 முதல் 4 வாரங்களில் வித்தியாசம் தெரியும். மிருதுவான பிரஷை விரல் நுனிகளால் பிடித்து, ஈறோரம் சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். நுரையைத் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்காதீர்கள். மருந்தைக் கழுவிவிட்டு, பேஸ்ட் சரியில்லை என்பவர்கள்தான் அதிகம்! படுக்கும்முன் கூசும் இடத்தில் கொஞ்சம் பேஸ்ட்டை விரலால் தடவி விடுவதும் நல்லது. வெண்மையாக்கும் பேஸ்ட், கரிப்பொடி எதுவும் இப்போது வேண்டாம்.

புளிப்புப் பழச்சாறு, சோடா பானங்கள் எனாமலை இளக்கிவிடும். குடித்த கையோடு பல் தேய்க்காமல், வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரமாவது பொறுங்கள்.

கூச்சம் நொடிகளில் மறைவதால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சூடு பட்டு வலித்தாலோ, வலி நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, தூக்கத்தைக் கெடுத்தாலோ, ஒரு பல்லில் மட்டும் கடிக்கும்போது குத்தினாலோ பேஸ்ட்டை நம்பிக் காத்திருக்காதீர்கள். அது சொத்தையாகவோ விரிசலாகவோ இருக்கலாம். உடனே பல் மருத்துவரைப் பாருங்கள்.

4 வாரத்துக்குப் பிறகும் குறையாவிட்டாலும் போய்க் காட்டுங்கள். ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார்கள், பள்ளம் ஆழமென்றால் பல் நிறத்திலேயே அடைத்துவிடுவார்கள். போகும்போது உங்கள் பிரஷையும் எடுத்துச் செல்லுங்கள். இழைகள் விரிந்திருப்பதைப் பார்த்தே எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று சொல்லிவிடுவார்.