‘நோ லாங்கர் ஹியூமன்’ நாவலின் யோஸோவுக்கு என்னதான் குறை? அவன் புலம்பல் சுயபச்சாதாபம்தானே?

ஜப்பானிய எழுத்தாளர் தஸாய் ஒஸாமுவின் இந்த நாவலில் யோஸோ பணக்கார வீட்டுப் பிள்ளை, கெட்டிக்காரன், பெண்கள் விரும்புகிறவன், அவன் ஏன் இப்படிச் சீரழிய வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வி. பலரும் கேட்பதுதான். ஆனால் சுயபச்சாதாபம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. அதற்குக் காரணம், யோஸோவே எழுதிவைத்த குறிப்பேடுகளாக நகரும் இந்த நாவலின் முதல் குறிப்பேட்டில் வரும் ஒரு சின்னச் சம்பவம்.

அப்பா டோக்கியோவுக்குக் கிளம்புகிறார். பிள்ளைகளைக் கூப்பிட்டு, யாருக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார். யோஸோவின் முறை வருகிறது. அவனுக்குப் பேச்சே எழவில்லை. புத்தகமா, இல்லை டோக்கியோவின் அசாகுசா பகுதியில் விற்கும் சிங்க முகமூடியா என்று அவரே கேட்டுப் பார்க்கிறார். பதில் இல்லை. ‘புத்தகம்தான் பிடிக்கும்’ என்று அண்ணன் குறுக்கே சொல்ல, அப்பா முகம் வாடி, எதுவும் எழுதாமல் நோட்டை மூடிவிடுகிறார்.

அன்றிரவு அந்தப் பையனுக்குத் தூக்கம் வரவில்லை. நடுங்கிக்கொண்டே எழுந்துபோய், இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து, அதில் சிங்க முகமூடி என்று எழுதிவிட்டு வந்து படுக்கிறான். அவனுக்கு அது துளிகூட வேண்டாம். அப்பாவுக்கு அதை வாங்கித்தர ஆசை என்று தெரிந்ததால் எழுதினான். பின்னால் அப்பா நோட்டைப் பார்த்துவிட்டு, பையனின் குறும்பு என்று அம்மாவிடம் சந்தோஷமாகச் சொல்கிறார். பயத்தில் எழுதியது வீட்டாருக்குக் குறும்பாகத் தெரிகிறது. ஒரு குழந்தை இதைவிடத் தனியாக இருக்க முடியுமா?

அப்புறம் நடப்பதெல்லாம் இதன் நீட்சிதான். மறுத்தால் உறவில் ஆறாத விரிசல் விழுந்துவிடும் என்ற பயம் அவனுக்கு. பள்ளியில் கோமாளி வேஷம், நண்பன் ஹொரிகியோடு குடி, ஒரு பெண்ணோடு சேர்ந்து சாகப் போய் அவள் மட்டும் இறப்பது, கடைசியில் மார்ஃபின் என்ற போதை மருந்து. எதற்கும் அவன் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஒரே ஒரு முறை சொல்கிறான். ஓய்வெடுக்கும் மருத்துவமனை என்று நம்பவைத்து அவனைக் கூட்டிப்போகிறார்கள். மனைவி யோஷிகோ, சத்து மருந்து என்று நினைத்து, ஊசியையும் மிச்ச மார்ஃபினையும் நீட்டுகிறாள். அவன், இனி தேவையில்லை என்கிறான். தருவதை மறுத்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் முறை என்று எழுதுகிறான். கொஞ்ச நேரத்தில் கதவு பூட்டப்படுகிறது. அது மனநோய் மருத்துவமனை. இந்தப் பக்கத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிந்ததில்லை. தஸாய் ஒஸாமுவே 1936இல் போதை மருந்துப் பழக்கத்துக்காக அப்படி ஓர் இடத்தில் அடைக்கப்பட்டவர். 1948 ஜூனில், இந்த நாவல் இதழில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே, 38 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அதனால் பலர் இதை அவருடைய வாக்குமூலமாகவே படிக்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. வெறும் வாக்குமூலம் என்றால் கடைசிச் சொல்லை இன்னொருவர் வாயில் வைத்திருக்க மாட்டார்.

முடிவில் பேசுகிறவர் யோஸோவை அறிந்த ஒரு மதுக்கடைக்காரப் பெண்மணி. தப்பு அவன் அப்பாவுடையது என்கிறார். யோஸோ தெய்வம் போன்ற நல்ல பிள்ளை என்கிறார். அன்போடு சொல்வதுதான். ஆனால் யார் மனதையும் நோகடிக்காத அந்த நல்ல பிள்ளையாக இருக்கத்தானே, நோட்டில் முகமூடி என்று எழுதிய இரவிலிருந்து அவன் அந்தப் பாடுபட்டான்? அவரும் அந்தப் பிள்ளையைத்தான் பார்த்திருக்கிறார்.