பெய்ஜிங்கில் நிலையம் மாறி ரயிலைத் தவறவிட்டவருக்கு

ஷாங்காய் ரயில் தெற்கு நிலையத்தில் நிற்க, டாக்சி உங்களை மேற்கு நிலையத்தில் இறக்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் வலித்தது. எனக்கும் அதே ஊரில் அதே கதி நேர்ந்தது.

ஓட்டுநருக்கு நீங்கள் சொன்ன 'சவுத்' புரிந்திருக்காது. சீனத்தில் தெற்கு 'நான்', மேற்கு 'ஷி'. இனி வாயால் சொல்லவே வேண்டாம். நிலையத்தின் பெயரைச் சீன எழுத்தில் பெரிதாக்கிக் காட்டுங்கள். அதைவிட நல்லது, அலிபே என்ற சீனப் பணப் பரிமாற்றச் செயலிக்குள் இருக்கும் தீதீ என்ற டாக்சி சேவை மூலம் வண்டி அழைப்பது. சேருமிடம் எழுத்திலேயே போய்விடும். கட்டணமும் அதிலேயே முடிந்துவிடும்.

டிக்கெட் போனது போனதுதான் என்று புதிது வாங்கினீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை! அன்று நள்ளிரவுக்குள் கவுன்டரில் கேட்டிருந்தால், இடமிருக்கும் வேறு ரயிலுக்கு ஒரு முறை மாற்றித் தந்திருப்பார்கள்.

அடுத்து சியான் நகரத்துக்குப் போவதானால், அங்கு செல்லும் அதிவேக ரயில்கள் பெரும்பாலும் மேற்கு நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. ஆனாலும் டிக்கெட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பைகளைச் சோதிக்கும் வரிசை நீளமாக இருக்கும், ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வாயிலில் காட்ட பாஸ்போர்ட்தான் உங்கள் டிக்கெட். தானியங்கி வாயில் அதை ஏற்காவிட்டால், பக்கத்தில் ஊழியர் நிற்கும் வாயிலுக்குச் செல்லுங்கள்.