டிராக்ஐஆர் (தலை அசைவைப் படிக்கும் தனிக் கருவி) வாங்காமல், சாதா வெப்கேமை வைத்து டிசிஎஸ், ஐஎல்-2 போன்ற போர் விமான சிமுலேட்டர்களில் ஹெட் டிராக்கிங் (நம் தலை திரும்பினால் விமானத்துக்குள் பார்வையும் திரும்புவது) செய்ய முடியுமா?

முடியும். மூன்று வருடமாக அப்படித்தான் பறக்கிறேன். "வெப்கேம் எல்லாம் வேலைக்கு ஆகாது, காசில்லாதவன் இதில் ஏன் இறங்க வேண்டும்" என்று ஒருவர் என்னிடம் கேட்டது இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

ஜாய்ஸ்டிக் வாங்கியதோடு உங்கள் கையிருப்பு தீர்ந்துவிட்டது, அதிலிருக்கும் ஹேட் சுவிட்சை (பார்வையைத் திருப்பும் சின்னப் பொத்தானை) கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எதிரியைத் தேடுகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். நானும் அங்கிருந்து வந்தவன்தான்.

ஓபன்டிராக் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். இன்புட்டில் நியூரல்நெட் டிராக்கர், அவுட்புட்டில் ஃப்ரீடிராக் 2.0, ஃபில்டரில் (நடுக்கத்தைக் குறைப்பது) ஆக்செலா. சிமுலேட்டர் இதை டிராக்ஐஆர் என்றே நினைத்துக்கொள்ளும். பத்து நிமிட வேலை.

எனக்குப் பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஐஎல்-2-வில் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஓட்டுவேன். அதில் விமானியின் தலைக்குப் பின்னால் கவசத் தகடு இருக்கிறது. வாலில் யார் என்று பார்க்கத் தலையைத் திருப்பினால் போதாது, பக்கவாட்டில் சாய்ந்து எட்டிப் பார்க்க வேண்டும். நான் சாய்ந்து அரை நொடி கழித்துத்தான் திரை சாயும். அதற்குள் எதிரி சுட்டுவிடுவான். ஒரு வாரம் ஃபில்டரையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். கம்ப்யூட்டர்தான் பழசு என்று நினைத்து, புதிதாக வாங்கக்கூடத் துணிந்துவிட்டேன்.

ஒரு ஞாயிறு காலையில் உட்கார்ந்தேன். அதே அமைப்பு, வழுக்கிக்கொண்டு போனது. ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது. ராத்திரியில் டியூப்லைட் என் முதுகுக்குப் பின்னால் எரியும், முகம் இருட்டு. வெளிச்சம் போதாதபோது ஆட்டோ எக்ஸ்போஷர் ஒவ்வொரு பிரேமையும் நீட்டிவிடுகிறது. நொடிக்கு 30 பிரேம் வரவேண்டிய கேமராவில் 15தான் வந்திருக்கிறது. மானிட்டருக்கு மேலே ஒரு டேபிள் லேம்ப் வைத்தேன், ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்தேன். தீர்ந்தது. ஆகவே முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அடுத்தது மேப்பிங் வளைவு, அதாவது தலை எவ்வளவு திரும்பினால் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற கோடு. கண் திரையை விட்டுப் போகக்கூடாது என்பதால் நிஜத்தில் 35 டிகிரிக்கு மேல் திரும்ப முடியாது. அந்த 35-ஐ விமானத்துக்குள் 150 ஆக்க வேண்டும். நேர்கோடாக வைத்தால் மூச்சு விட்டாலே கன்சைட் (குறிபார்க்கும் கண்ணாடி) ஆடும். நடுவில் நாலைந்து டிகிரி வரை கோடு ஏறக்குறைய படுத்தே இருக்கட்டும், அதற்கப்புறம் செங்குத்தாக ஏறட்டும். ரோலை (தலையைத் தோள் பக்கம் சாய்ப்பது; எட்டிப் பார்ப்பது வேறு) நான் அணைத்துவிட்டேன். சென்டர் பட்டனை (பார்வையை மறுபடி நேராக்குவது) ஜாய்ஸ்டிக்கிலேயே வையுங்கள், நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாலும் தேவைப்படும்.

"விஆர் ஹெட்செட் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: விஆர் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கான கிராபிக்ஸ் கார்டு என்னிடம் இல்லை, கீபோர்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். டிராக்ஐஆரையும் மட்டம் தட்டவில்லை.

பிறகு பழைய பிஎஸ்3 ஐ (பிளேஸ்டேஷன் 3-க்கான) கேமரா ஒன்று கிடைத்தது. முகத்துக்குப் பதில் தொப்பியிலுள்ள விளக்குகளை அது பின்தொடரும்படி, அதை இன்ஃப்ராரெட்டுக்கு (கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத ஒளிக்கு) மாற்றினேன். லென்ஸுக்குப் பின்னாலிருக்கும் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் சின்னக் கண்ணாடி வடிகட்டியை எடுத்துவிட்டு, தொப்பியில் மூன்று எல்ஈடி. கடைக்காரர் முதலில் கொடுத்தது டிவி ரிமோட்டில் வரும் 940 நானோமீட்டர் அலைநீளம், கேமராவுக்கு மங்கலாகத் தெரிந்தது. 850 வாங்கிய பிறகுதான் சரியானது. இருட்டறையில் உற்றுப் பார்த்தால் அது மங்கிய சிவப்பாகத் தெரியும், போனின் முன்பக்க கேமராவில் ஊதாவாக ஒளிரும். ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள், எல்ஈடி கருகிவிடும்.

சாதாரண வெளிச்சத்தைத் தடுக்க, கழுவிய கலர் பிலிமின் கறுத்த நுனியை இரண்டு மடிப்பாக லென்ஸ் முன் வைக்க வேண்டும். கண்ணுக்குக் கன்னங்கரேலென்று இருந்தாலும் இன்ஃப்ராரெட் அதைத் தாண்டிப் போகும். அதைத் தேடி அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அக்கா காதுகுத்து நெகடிவ் இருந்தது. அப்பா தனியாக நின்று எடுத்துக்கொண்ட ஒரே படத்தின் நெகடிவ் மட்டும் இல்லை. அந்த ஸ்டூடியோக்காரர் "கடையிலேயே பத்திரமாக இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டவர், கடை மாறும்போது எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டார். ஒரு போன் செய்திருந்தால் ஓடிப்போய் வாங்கி வந்திருப்பேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காதுகுத்து ரோலின் நுனியைத்தான் வெட்டினேன், படம் எதுவும் போகவில்லை.

நீங்கள் இன்று ராத்திரியே வெப்கேமோடு ஆரம்பிக்கலாம். டிசிஎஸ்ஸில் எஸ்யூ-25டி இலவசமாகவே வருகிறது. லேம்பை மட்டும் முகத்துக்கு நேரே வையுங்கள்.