வாசகர் கேள்வி – பதில்: கதையிடம் என்ன கேட்பது?

கேள்வி: கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். புதுமைப்பித்தன், கு. அழகிரிசாமி ஆகியோரின் கதைகளைப் பாடத்துக்காகப் படித்தேன். கதை புரிகிறது. ஆனால் ‘இக்கதை உணர்த்தும் கருத்து யாது?’ என்ற வினாவுக்கு நான்கு வரி எழுதி முடித்ததும், கதையில் இனிப் படிக்க ஒன்றும் இல்லை என்று தோன்றிவிடுகிறது. ஒரு சிறுகதையை எப்படி வாசித்துச் சுவைப்பது? (மாணவி, மேலூர்)

பதில்: அந்த வினா தேர்வுத் தாளுக்கு உரியது. அதற்கான விடையை அங்கே எழுதிவிடுங்கள். கதையிடம் வரும்போது வேறு கேள்விகளோடு வாருங்கள்: ஆசிரியர் ஏன் இந்த இடத்தில் தொடங்கினார், ஏன் இந்த வரிசையில் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார்?

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையை எடுத்துக்கொள்வோம். செல்லம்மாளின் உயிர் பிரிந்துவிட்டது என்பது தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர் பிரமநாயகம் பிள்ளை அருகில் இருக்கிறார். அதன் பிறகுதான் கதை பின்னோக்கிச் சென்று அவளுடைய நோயையும் அந்த வீட்டின் வறுமையையும் காட்டுகிறது. மரணத்தைக் கடைசியில் வைத்திருந்தால், அவள் பிழைப்பாளா என்ற பதற்றத்திலேயே நாம் பக்கங்களைத் தள்ளியிருப்போம். முதலிலேயே சொல்லிவிட்டதால் அந்தப் பதற்றத்துக்கு இடமில்லை; கணவர் அவளுக்குச் செய்யும் ஒவ்வொரு பணிவிடையையும், அது அவளைக் காப்பாற்றப் போவதில்லை என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கதையின் துயரம் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். இதைக் ‘கருத்து’ என்ற தலைப்பின் கீழ் எழுத முடியாது. ஆனால் கதையை வாசித்தவர் எவரும் உணராமல் இருக்க முடியாது.

அடுத்து, அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’. குழந்தைகளிடம் பிரியமாக இருக்கும் கதைசொல்பவர், அவர்களில் இருவருக்கு மட்டும் டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்கவில்லை. கதையின் இறுதியில் அவனே ஒரு டைரியைக் கொண்டுவந்து, அதில் தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரும்படி கேட்கிறான். கதை அந்த இடத்தோடு முடிகிறது. நான் முடிவைச் சொல்லிவிட்டேனே என்று வருந்த வேண்டாம்; முடிவு தெரிந்தால் கெட்டுப்போகும் கதை அன்று அது. இப்போது முதல் பக்கத்துக்குத் திரும்பி, குழந்தைகள் கூட்டமாக வரும்போது சாரங்கன் எங்கே நிற்கிறான், யார் அவனைக் கவனிக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு படியுங்கள். கலகலப்பான மற்ற குழந்தைகளிலேயே நம் கண்ணும் இருந்ததையும், கதைசொல்பவரைப் போலவே நாமும் அவனைக் கடந்து போயிருப்பதையும் அப்போது காண்பீர்கள். ஆசிரியர் நம்மையும் அந்தத் தவறில் பங்காளியாக்கியிருக்கிறார். ஒரே ஒரு வாசிப்பில் இது கிடைக்காது. ஆகையால் ஒரு மாதத்தில் இருபது கதைகளைப் படிப்பதைவிட, ஐந்து கதைகளை இரண்டு முறை படியுங்கள் என்பதே உங்களுக்கு என் வேண்டுகோள்.

கேள்வி: அந்தக் காலத்துச் சிறுகதைகளுக்கு ஒரு முடிவு இருந்தது. இன்று எழுதுபவர்களின் கதைகள் பாதியிலேயே நின்றுவிடுகின்றனவே! (ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், உசிலம்பட்டி)

பதில்: ஐயா, தங்கள் குறையில் ஒரு பாதியை ஏற்கிறேன். எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றுபோன கதைகள் இன்று நிறையவே அச்சாகின்றன. அவற்றுக்கு ‘வாசகர் ஊகத்துக்கு விடப்பட்டது’ என்ற பெருமையைத் தர வேண்டியதில்லை. ஆனால் பழைய கதைகள் எல்லாம் முடிந்துவிட்டன என்பதை ஏற்க முடியவில்லை. ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில், தாயம்மாள் தன் வறுமையிலும் ராஜா என்ற ஓர் அநாதைச் சிறுவனைக் குளிப்பாட்டிச் சோறு போடுகிறாள்; கணவனுக்கென்று வாங்கி வைத்திருந்த துண்டும் அவனுக்கே போகிறது. தீபாவளி முடிந்த பிறகு அந்தச் சிறுவன் என்ன ஆனான்? அழகிரிசாமி சொல்லவே இல்லை. ஆயினும் அது பாதியில் நின்ற கதை என்று தாங்களும் சொல்ல மாட்டீர்கள். தாயம்மாளின் மகள் மங்கம்மாள், பணக்காரப் பையனிடம் தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சொல்லும் இடத்துக்குத்தான் அதற்கு முந்தைய பக்கங்கள் எல்லாம் நம்மை அழைத்து வந்திருக்கின்றன.

ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதையையும் இதே கண்ணோடு படித்துப் பாருங்கள். தான் விரும்பிய மாமன் மகன் வேறொருத்தியை மணந்துவிட்ட பிறகு, அவனைப் பார்த்துவிட்டு வந்து ஒரு பெண் அழுகிறாள். அவள் யாருக்காக அழுகிறாள் என்பதைக் கண்டுகொண்டால், கதை முழுமையாக முடிந்திருப்பதையும் காண்பீர்கள். கடைசிப் பத்தியிலிருந்து பின்னோக்கிப் போய், அந்தப் பத்திக்கான ஆயத்தம் முன்பே நடந்திருக்கிறதா என்று பாருங்கள். நடந்திருந்தால் அது முடிவு. இல்லையென்றால் தங்கள் கோபம் நியாயமானது.

கேள்வி: வட்டார வழக்கில் எழுதப்பட்ட கதைகள் எனக்குக் கடினமாக இருக்கின்றன. விட்டுவிடலாமா? (இல்லத்தரசி, திருமங்கலம்)

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. கண்ணால் மட்டும் படிக்காமல், ஒரு பக்கத்தையாவது வாய்விட்டுப் படியுங்கள். திருமங்கலத்திலிருந்து தெற்கே போனால் கரிசல் பூமிதான். அந்தப் பேச்சை உங்கள் காது ஏற்கெனவே அறியும். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் கோவில்பட்டிக்கு அருகில் உள்ள இடைசெவல் என்ற ஒரே ஊரில், 1923 என்ற ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். கி.ரா. அந்த மண்ணின் பேச்சையே கதைசொல்லும் நடையாக ஆக்கிக்கொண்டார். அழகிரிசாமி எங்கும் செல்லக்கூடிய எளிய உரைநடையை எழுதினார். முதலில் அழகிரிசாமியைப் படித்துவிட்டு, பிறகு கி.ரா.வின் ‘கதவு’ கதைக்கு வாருங்கள். தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதில் ஏறி ஆடிய குழந்தைகளின் பக்கம் நின்று கதை சொல்லப்படுகிறது. தெரியாத சொற்கள் அந்தக் குழந்தைகளைப் பார்க்கவிடாமல் உங்களைத் தடுக்க மாட்டா.

கேள்வி: நம் பகுதி எழுத்தாளர்களில் யாரிடமிருந்து தொடங்கலாம்? நூல்கள் எங்கே கிடைக்கும்? (வாசகர், சோழவந்தான்)

பதில்: ‘மணிக்கொடி’ என்ற இலக்கிய இதழின் காலத்துக்குப் பெருந்துணையாக இருந்த பி.எஸ். ராமையாவும், ‘எழுத்து’ இதழை 1959இல் தொடங்கிய சி.சு. செல்லப்பாவும் அன்றைய மதுரை மாவட்டத்து வத்தலக்குண்டைச் சேர்ந்தவர்கள். ராமையாவின் ‘நட்சத்திரக் குழந்தைகள்’ தொடங்குவதற்கு ஏற்ற கதை. மதுரை நகரத்தின் சந்துகளையும், அங்கு உடலை விற்றுப் பிழைக்க நேர்ந்தவர்களையும் இரக்கம் தேடாமல் எழுதியவர் ஜி. நாகராஜன் (1929–1981), கணிதம் கற்பித்தவர். அவரைச் சற்றுப் பழகிய பிறகு படிப்பது நல்லது.

மதுரை சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகத்திலும், 2023இல் நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் தேடுங்கள். புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002இல் நாட்டுடைமையானதால் மலிவுப் பதிப்புகள் பல வந்துள்ளன. வாங்குவதானால், ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த தொகுப்பையே வாங்குங்கள். கதைகள் காலவரிசையில் இருப்பதால், புதுமைப்பித்தனின் நடை ஆண்டுக்கு ஆண்டு மாறிச் செல்வதைத் தொடர்ந்து பார்க்கலாம்.