சென்ட்ரிஃபியூஜ் காட்டும் வேகம் சரிதானா?

கேள்வி: எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஸ்விங் அவுட் வகை (சுழலும்போது குழாய்கள் கிடைமட்டமாக எழும்) மேசை சென்ட்ரிஃபியூஜ், அதாவது ரத்தக் குழாய்களைச் சுழற்றிப் பிரிக்கும் கருவி, இருக்கிறது. திரையில் 3000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 3000 சுற்று) வைத்து 10 நிமிடம் ஓட்டியும் சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த திரவம்) சரியாகப் பிரிவதில்லை. வேகத்தை நாங்களே சோதித்துப் பார்க்கலாமா? (வாசகர், கரூர்)

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் முதலில் ரத்தம் முழுதாக உறைந்ததா என்று பாருங்கள். உறையவைக்கும் மருந்து பூசாத குழாயில் உறைய அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். அதற்குள் சுழற்றினால் எந்த வேகத்திலும் சீரத்தில் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் புரதம்) இழை மிதக்கும்.

அது சரியென்றால் ஓர் ஒளி டேக்கோமீட்டர் (ஒளி பாய்ச்சிச் சுழலும் வேகத்தை அளக்கும் கருவி) வாங்குங்கள். என்.ஏ.பி.எல். (ஆய்வுக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற கூடத்தின் காலிபரேஷன் சான்று (சரியாக அளக்கிறது என்ற சான்று) அதற்கு இருக்க வேண்டும். அளக்கும் கருவியே தவறினால் மற்றதெல்லாம் வீண். சென்ட்ரிஃபியூஜை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரோட்டாரின் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பகுதி) மேல்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பளபளக்கும் ஒட்டுத்தாளில் 1 செ.மீ. துண்டு ஒன்று மட்டும் ஒட்டுங்கள். எல்லாக் குழாய்களிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலி ரோட்டார் லேசாக ஓடும். அந்த அளவு உங்கள் அன்றாட வேலைக்குப் பொருந்தாது.

மூடியைப் பூட்டி, நடுவில் உள்ள பார்வைத் துளை வழியாக டேக்கோமீட்டரின் ஒளியை ஒட்டுத்தாள் சுற்றும் பாதையில் பாய்ச்சுங்கள். 1000, 2000, 3000 என மூன்று வேகங்கள். ஒவ்வொன்றிலும் வேகம் நிலைத்து 2 நிமிடம் கழிந்த பிறகு மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக ஏற்கலாம். டைமரையும் அப்படியே ஸ்டாப்வாட்ச் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

மூன்று வேகத்திலும் ஒரே விகிதத்தில் தவறினால் குறை பெரும்பாலும் திரையின் அமைப்பில். சர்வீஸ்காரர் திருத்த வேண்டும். 1000-இல் சரியாக இருந்து 3000-இல் மட்டும் இறங்கினால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம், அல்லது மின்னழுத்தம் 230 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இருக்கலாம். சில சிறு கருவிகளின் திரை, நாம் வைத்த வேகத்தைத்தான் காட்டும். உண்மையில் ஓடும் வேகத்தை அளந்து காட்டாது. அவற்றில் இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது.

ஆர்.பி.எம்.மை மட்டும் நம்பாதீர்கள். பிரிப்பது ஜி விசை, அதாவது புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்ற அளவு. கணக்கு இதுதான்: 0.00001118 × ஆரம் (செ.மீ.) × ஆர்.பி.எம். × ஆர்.பி.எம். குழாய் கிடைமட்டமாக எழுந்த நிலையில், அச்சின் நடுவிலிருந்து குழாயின் அடிவரை உள்ள தூரமே ஆரம். 15 செ.மீ. ஆரத்தில் 3000-க்கு ஏறத்தாழ 1509 ஜி. அதுவே 2700-க்கு இறங்கினால் 1222 ஜிதான். வேகத்தில் 10 சதவீதம் குறைந்தாலும் விசையில் 19 சதவீதம் போய்விடுகிறது. ரத்த உறைவுச் சோதனைக்குப் பிளாஸ்மா (உறையாத ரத்தத்தின் திரவப் பகுதி) எடுப்பவர்கள் இதில் அசட்டையாக இருக்கவே கூடாது. பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) மிச்சமிருந்தால், முக்கியமாக ஃப்ரீசரில் உறையவைத்துப் பிறகு சோதிக்கும் பிளாஸ்மாவில், முடிவே மாறிவிடும்.

கேள்வி: 3000 வைத்தால் டேக்கோமீட்டர் 6000 காட்டுகிறது. ஏன்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இரண்டு ஒட்டுத்தாள் ஒட்டியிருப்பீர்கள், அல்லது ரோட்டாரின் பளபளக்கும் நட்டு இன்னொரு தாள் போல ஒளியைத் திருப்பியிருக்கும். இரண்டுமில்லை என்றால் தலைக்கு மேலே பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், பழைய சோக் போட்ட டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மினுக்கும். நிமிடத்துக்கு அது சரியாக 6000. விளக்கை அணைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

கேள்வி: எங்கள் பழைய கருவியின் மூடியில் துளை இல்லை. திறந்து வைத்து அளக்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கூடவே கூடாது. பூட்டின் சுவிட்சைக் கம்பியால் ஏமாற்றுவதும், மூடியில் நீங்களே துளை போடுவதும் அதே அளவு ஆபத்து. 3000-இல் கண்ணாடிக் குழாய் ஒன்று உடைந்து வெளியே வந்தால் முகத்தைக் கிழிக்கும். மூடியின் மேல் வைத்து அதிர்வைக் கொண்டு வேகம் காட்டும், மெல்லிய எஃகு நாக்குகள் வரிசையாக உள்ள டேக்கோமீட்டர் உண்டு, அதைப் பயன்படுத்தலாம். கிடைக்காவிட்டால், தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸ் ஆளை அழைத்து அளக்கச் சொல்லுங்கள்.